மனசு வைத்தால் விட்டுவிடலாமா? குடியிலிருந்து மீளும் ஓராண்டில் எண்ணம் மாறும் விதம்

"மனசு வெச்சா விட்டுடலாம்." குடியைப் பற்றித் தமிழ்நாட்டில் அதிகம் சொல்லப்படும் அறிவுரை இதுதான். மனைவி சொல்கிறார், பஞ்சாயத்துப் பேச வந்த மாமா சொல்கிறார், குடிப்பவரும் அதையே வேறு விதமாகச் சொல்கிறார்: "நான் நெனச்சா நாளைக்கே நிறுத்திடுவேன்." முதலில் மனசு மாறும், பிறகு குடி தானாக நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள்.

இந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள். அவர்களில் குடிக்கு அடிமையானவர்கள் ஏறத்தாழ 2.9 கோடி. மற்றவர்களில் பலரால் நினைத்தபோது நிறுத்த முடிகிறது. அவர்களைப் பார்த்துத்தான் இந்த அறிவுரை உருவாகியிருக்கிறது. அடிமையாகிவிட்டவர் விஷயத்தில் வரிசை தலைகீழாகிவிடுகிறது. அங்கே உடம்பு முதலில் தெளிய வேண்டும், அதன்பின் அன்றாட ஒழுங்கு மாற வேண்டும். எண்ணம் கடைசியில்தான் வந்து சேர்கிறது. ஒரே தடவையில் வந்துவிடுவதும் இல்லை. மாதத்துக்கு ஒரு முகம் காட்டும். எந்த மாதம் எந்த முகம் என்று தெரிந்திருந்தால் குடும்பம் பதறாது, மீள்பவரும் தன்னையே வெறுத்துக்கொள்ள மாட்டார்.

முதல் வாரத்திலிருந்து தொடங்குவோம். அப்போது எண்ணம் என்று ஒன்றைத் தேடுவதே வீண். டாஸ்மாக்கில் கிடைக்கும் பிராந்தி, ரம் பொதுவாக 42.8 சதவீதம். 180 மி.லி. குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். தினமும் இரண்டு குவார்ட்டர் போடுகிறவரின் ரத்தத்தில் ஆல்கஹால் இல்லாத நேரமே குறைவு. அதைச் சமாளிக்க மூளை தன்னை அமைதிப்படுத்தும் வேலையைக் குறைத்து, தூண்டும் வேலையைக் கூட்டி வைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் தூண்டுதல் மட்டும் மிஞ்சுகிறது. ஆறு மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, குமட்டல். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தப்பிரமை மாதிரி ஆகிவிடும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், போர்வையைப் பிய்ப்பார், யாரோ கூப்பிடுவதாக எழுந்து ஓடுவார். இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். உயிரையே பறிக்கக்கூடியது. பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் இரண்டு நாளை வீணாக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

ஆகவே தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் குளோர்டயசெப்பாக்சைடு, லோராசெபாம் போன்ற மாத்திரைகளை முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைப்பார். கூடவே தயமின் எனும் வைட்டமின் பி1 ஊசி. "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா தெளிஞ்சிடும்" என்று தெருமுனை கிளினிக்கில் படுக்க வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி1 வற்றிப்போன உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் பி1-உம் செலவாகி, மூளையில் நிரந்தர ஞாபக மறதி வரை போகலாம். தயமின் முதலில் அல்லது கூடவே போக வேண்டும். இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள உறவினருக்கு முழு உரிமை உண்டு.

இந்த வாரத்தில் பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்குவார்கள். வேண்டாம். புத்தி முழுசாகத் தெளியாத நிலையில், வாங்கியவருக்கு மட்டுமே நினைவிருக்கப்போகும் சத்தியம் அது. பின்னால் சண்டைக்குத்தான் உதவும். இந்த ஏழு நாளுக்குத் தேவை நீர், கஞ்சி, மாத்திரை, இருட்டிலும் பக்கத்தில் ஒரு ஆள். குற்றப்பட்டியல் படிக்க இன்னும் நாள் இருக்கிறது.

சத்தியத்தை நம்புகிறவர்கள் எல்லோரும் சபரிமலை உதாரணம் சொல்வார்கள். "மாலை போட்ட 48 நாளும் தொடலையே, மலைக்குப் போய்ட்டு வந்த அன்னைக்கே ஆரம்பிச்சுட்டாரே. அப்ப வேணும்னா முடியுது, வேணும்னேதான குடிக்கிறார்?" இந்தக் கேள்விக்குள்ளேயே மீட்சியின் பாதி ரகசியம் இருக்கிறது. அந்த 48 நாளும் அவரிடம் மனவுறுதி மட்டுமா இருந்தது? விடியுமுன் குளியல், காலை மாலை பூஜை, கறுப்பு வேட்டி, வெறுங்கால். டீக்கடையில் கூட "சாமி" என்றுதான் கூப்பிடுகிறார்கள், யாரும் கிளாஸை நீட்டுவதில்லை. குடிக்கும் நேரமான மாலை ஏழு மணியைப் பஜனை எடுத்துக்கொள்கிறது. தடுமாறினால் பதில் சொல்ல ஒரு குருசாமி இருக்கிறார். அதே வழியில் போகும் இருபது பேர் கூடவே இருக்கிறார்கள். எழுந்திருப்பதிலிருந்து படுப்பது வரை முழு நாளையும் யாரோ கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மாலையைக் கழற்றியதும் இவை எல்லாம் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன. அவருடைய பக்தி பொய்யாகிவிடவில்லை. விரதத்துக்கு முடிவு தேதி இருந்தது, அதன் பிறகான நாளுக்கு ஏற்பாடு எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

(மாலை போடும் அன்றோடு நிறுத்தப்போகும் தீவிரக் குடிகாரர் அதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. வலிப்பு விரதம் பார்த்து வராது.)

இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை ஒரு வெளிச்சமான காலம். பசிக்கிறது, முகம் தெளிகிறது, பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். இந்தச் சந்தோஷம் உண்மையானதுதான், ஆனால் இதிலிருந்து பிறக்கும் எண்ணம் ஆபத்தானது: "எனக்கு எல்லாம் சரியாயிடுச்சு." அதற்குச் சாட்சியாக ரத்தப் பரிசோதனையும் வந்து நிற்கும். குடியால் எகிறும் ஜிஜிடி என்ற கல்லீரல் என்சைம், நிறுத்திய இரண்டு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று பார்த்தவுடன், இனி கொஞ்சமாகக் குடிக்கலாம் என்று அனுமதிச்சீட்டே கிடைத்த மாதிரி நினைப்பவர்கள் பலர். கல்லீரலின் ஒரு எண் இறங்கியிருக்கிறது. மூளையில் பதிந்த பழக்கத்தை அளக்க ரத்தப் பரிசோதனை கிடையாது.

இந்தக் கட்டத்தில் நடக்கும் தவறுகள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுதான். கவுன்சிலிங் போவதை நிறுத்துவது, மாத்திரையைத் தானே விடுவது, "நான் சும்மா சோடா குடிச்சிட்டுக் கம்பெனி குடுக்கறேன்" என்று பாரில் போய் உட்காருவது, "இன்னும் என்னை நம்ப மாட்டியா?" என்று ஏடிஎம் கார்டைத் திருப்பிக் கேட்பது. பத்து வருஷம் குடித்தவர் நாற்பது நாளில் நம்பிக்கையை எதிர்பார்க்கிறார், பத்து வருஷம் பயந்தவரால் அதைக் கொடுக்க முடியவில்லை. இதில் இருவருமே நியாயமானவர்கள். கார்டு மூன்று மாதம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முதல் வாரத்திலேயே பேசி வைத்துவிட்டால் இந்தச் சண்டை குறையும். இப்போது கைப்பேசியில் ஜிபே இருப்பதால் கார்டை மட்டும் வாங்கி வைத்துப் பயனில்லை. சம்பளக் கணக்கை வேறாக வைத்து, தினச் செலவுக்கு ஒரு சிறு தொகை மட்டும் கைப்பேசிக் கணக்கில் இருக்கும்படி செய்வதே நடைமுறையில் நிற்கிறது.

பிறகு வருவது சாம்பல் காலம். இரண்டாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரை என்று பொதுவாகச் சொல்லலாம், ஆளுக்கு ஆள் மாறும். எதிலும் ருசி இல்லை. கிரிக்கெட் போரடிக்கிறது, பிள்ளையின் பேச்சு எரிச்சல் தருகிறது, இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இனிப்பு மட்டும் வேண்டும் போலிருக்கும். குடிக்கும் கனவு வந்து, வியர்த்து எழுந்து, உண்மையிலேயே குடித்துவிட்டோமோ என்று வாயை முகர்ந்து பார்ப்பார்கள். "இதுக்காகவா விட்டேன்?" என்ற கேள்வி தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மனைவியே ஒருநாள் ஆற்றாமையில் சொல்லிவிடலாம்: "குடிச்சப்பவே நீங்க இதைவிட நல்லா இருந்தீங்க." அந்த ஒரு வாக்கியம் பலரை நேராகக் கடைக்கு அனுப்பியிருக்கிறது.

ஆல்கஹால் கிளப்பும் டோபமின் (சந்தோஷ உணர்வோடு தொடர்புடைய மூளை ரசாயனம்) வெள்ளத்துக்குப் பழகிய மூளை, சாதாரணச் சந்தோஷத்தின் சின்ன அளவை உணர மறந்திருக்கிறது. அது திரும்பப் பழக மாதங்கள் ஆகும். இது அவருடைய குணமும் அல்ல, குடும்பத்தின் மீதான வெறுப்பும் அல்ல. என் கருத்தில் மீட்சியின் மிக முக்கியமான பாடம் இந்த மாதங்களில்தான் இருக்கிறது: மனசு சந்தோஷப்படும்வரை காத்திருக்காமல் அன்றைய நாளை நடத்துவது. காலை ஆறுக்கு எழுவது, அரைமணி நடப்பது, மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுவது, பகலில் தூங்காமல் இருப்பது, பதினோரு மணிக்குப் படுப்பது. ஒன்றுகூடச் சுவையாக இருக்காது. இருந்தும் செய்ய வேண்டும். ஆறு வாரம் கழித்தும் அழுத்தம் குறையவில்லை, அல்லது எப்போதாவது சாகத் தோன்றுகிறது என்றால் அது தனியான மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து உண்டு. மனநல மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

குடித்தே ஆக வேண்டும் என்று உள்ளிருந்து உந்தும் வேகம் எப்படி வருகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். மாலை ஆறரை. வேலை முடிந்து வண்டியை எடுக்கிறார். மதியம் சரியாகச் சாப்பிடவில்லை, மேஸ்திரி திட்டியிருக்கிறார். வழக்கமான சாலை, வழக்கமான திருப்பம், பாருக்கு வெளியே தள்ளுவண்டியில் சில்லி சிக்கன் எண்ணெயில் விழும் வாசனை. தொண்டை வறளுகிறது, வயிற்றில் ஒரு பிசைவு, வாயில் எச்சில் ஊறுகிறது. "இன்னைக்கு மட்டும், ஒரு கட்டிங்" என்ற வாக்கியம் அவர் குரலிலேயே உள்ளே கேட்கிறது. இந்த வேகம் கூடிக்கொண்டே போய்த் தன்னை உடைத்துவிடும் என்று அவர் நினைக்கிறார். உண்மையில் அது ஏறி, உச்சிக்குப் போய், பெரும்பாலும் இருபது முப்பது நிமிடத்தில் தானாக இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் குடித்தே அதை நிறுத்தியவர் அது தானாக இறங்குவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பார்க்க வைப்பதுதான் பயிற்சி. வேகம் வந்தவுடன் மணி பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலில் பாதித் தண்ணீர், கையில் எப்போதும் இருக்கும் கடலை மிட்டாய் அல்லது வாழைப்பழம். அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். ஏற்கெனவே பேசி வைத்த ஒருவருக்குப் போன் போட்டு, "குடிக்கணும் போல இருக்கு" என்று அதே வார்த்தையில் சொல்ல வேண்டும். உடம்பில் எங்கே அது தெரிகிறது என்று கவனிக்க வேண்டும், தொண்டையா, வயிறா, கைவிரலா. அரைமணி கழித்து மறுபடி மணி பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு தடவை இப்படி இறங்குவதைக் கண்ணால் பார்த்தவரின் உள்ளே எண்ணம் மாறுவது அப்போதுதான். "என்னால தாங்க முடியாது" என்றிருந்தது "இது போயிடும்" என்றாகிறது. உபதேசத்தால் இந்த மாற்றம் வந்து பார்த்ததில்லை.

வேகம் வரும் வழிகளைக் குறைப்பதும் அதே அளவு முக்கியம். பசி, கோபம், தனிமை, களைப்பு என்று நான்கு வாசல்கள். வேலை முடிந்து கிளம்புமுன் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர் பாதி ஆபத்தைக் கடந்துவிடுகிறார். வீட்டுக்குப் போகும் பாதையை மாற்ற வேண்டும், இரண்டு கிலோமீட்டர் சுற்றானாலும் சரி. சம்பள நாளன்று வாசலில் யாராவது வந்து காத்திருக்கட்டும். "மாப்ள, ஒரு கட்டிங்தான்டா" என்பதற்குப் பதிலை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். "இன்னைக்கு வேணாம்" என்றால் நாளைக்கு வருவார்கள். "விட்டுட்டேன் மாப்ள, மாத்திரை போடறேன், மேல பட்டாலே ஆகாது" என்றால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடியும். துக்க வீடும் கல்யாண வீடும் தனி வகை. அங்கே பின்பக்கத்தில் எது நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் ஆண்டில் பகலிலேயே போய்த் தலை காட்டிவிட்டு, குடிக்காத ஒருவரோடு இருட்டுமுன் திரும்புவதே சரி. முறை தவறியதாக யாராவது பேசினால் பேசட்டும்.

மாத்திரைகள் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். டைசல்ஃபிராம் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, தலை வெடித்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறக்கம் வரும். தெரிந்து, சம்மதித்து, வீட்டில் ஒருவர் பார்க்கச் சாப்பிடுபவருக்கு இது பெரிய உதவி. நாள் முழுக்க நூறு முறை எடுக்க வேண்டிய முடிவைக் காலையில் ஒரே முறை எடுத்துவிடுகிறார். ஆனால் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அது கொலைக்குச் சமம். கலந்தது தெரியாமல் குடிக்கிறவருக்கு மாரடைப்பே வரலாம். பஸ்ஸில் ஒட்டியிருக்கும் "அவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்த" விளம்பரப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பிழைத்தாலும், தன் சோற்றில் கலந்தார்கள் என்று தெரிந்த மனிதர் அந்த வீட்டில் மறுபடி நம்பிச் சாப்பிடுவாரா? மாத்திரையை விட்ட பிறகும் இரண்டு வாரம் வரை அதன் விளைவு இருக்கும். இருமல் டானிக்கிலும் அரிஷ்டத்திலும் இருக்கும் ஆல்கஹால்கூடப் போதும். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் இரண்டும் வேறு வகை, குடிக்கத் தூண்டும் வேகத்தையும் குடியின் ருசியையும் குறைப்பவை. முதலாவதற்குக் கல்லீரலையும் இரண்டாவதற்குச் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரை சாப்பிடுபவர் நால்ட்ரெக்ஸோனுக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் சறுக்கலாம். சறுக்கும் நாளில் முதல் கிளாஸைவிட மோசமானது அதற்குப் பின் வரும் எண்ணம்: "போச்சு, எல்லாம் போச்சு. இனி விட்டா என்ன, விடாட்டி என்ன." அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இந்த எண்ணத்தைத்தான் ஆராய்ந்தார். ஒரு கிளாஸ் முழுக் குடியாக மாறுவதற்கு, அந்தக் கிளாஸைத் தன் பலவீனத்தின் தீர்ப்பாகப் படித்துக்கொள்வது பெரிய காரணம் என்று காட்டினார். நான்கு மாதம் குடிக்காமல் இருந்த உடம்பு ஒரு மாலையில் அழிந்துவிடாது. மிச்சத்தைக் கொட்டிவிட்டு, வண்டியைத் தொடாமல், அன்றிரவே ஒருவரிடம் சொல்ல வேண்டும். மறுநாள் காலை மருத்துவரிடமோ, ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) எனும் குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழுவின் கூட்டத்துக்கோ போக வேண்டும். டைசல்ஃபிராம் போட்டிருந்தால் அப்போதே மருத்துவமனைக்கு. மறைக்கிற சறுக்கல்தான் வாரமாகிறது. பழைய அளவையே குடிக்க முயல்வது இன்னொரு ஆபத்து, தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். மாதக்கணக்கில் மறுபடி குடித்துவிட்டு மறுபடி நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் முன்னைவிடக் கடுமையாக வரலாம், ஆகவே இந்த முறையும் மருத்துவர் துணை வேண்டும்.

அடுத்த நாள் உட்கார்ந்து விசாரிக்க வேண்டியது "ஏன் குடிச்ச?" என்பதை அல்ல. முந்தின மூன்று நாளில் என்னென்ன நடந்தது, எங்கே சாப்பாடு தவறியது, யாரோடு சண்டை, மாத்திரை எந்தத் தேதியில் நின்றது என்பதை. சறுக்கல் கடை வாசலில் தொடங்குவதே இல்லை. மூன்று நாள் முன்பு, "இந்த வாரம் கூட்டத்துக்குப் போகல" என்ற இடத்தில் தொடங்கியிருக்கும்.

குடும்பத்தின் எண்ணமும் இதே ஓராண்டில் மாற வேண்டியிருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டுக்குள் வந்ததும் வாயை முகர்வது, பத்து நிமிடம் தாமதமானால் நான்கு பேருக்குப் போன் போடுவது, பழைய கடனை ஒவ்வொரு சாப்பாட்டிலும் எடுப்பது, எல்லாம் பயத்திலிருந்து வருபவை. அவற்றைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அந்தப் பெண்கள் அடி வாங்கியிருக்கிறார்கள், தாலியை அடகு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று தனி உதவி வேண்டும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற குழுக்கள் இருக்கின்றன. வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: குடிக்காமல் வந்த மாலையைக் கண்டுகொள்வது. "இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டீங்க, பாப்பா உங்களோட சாப்பிடணும்னு இருந்தா" என்ற ஒரு வரி, முகர்ந்து பார்ப்பதைவிட நிறையச் செய்யும். குடித்துவிட்டு வந்த இரவில் பேச்சே வேண்டாம், காலையில் பேசலாம்.

ஏழெட்டு மாதத்தில் உள்ளே ஓடும் வாக்கியம் இன்னொரு முறை மாறுகிறது. "நான் குடிக்கக் கூடாது" என்று தன்னோடு போராடியவர் "நான் குடிக்கிறதில்லை" என்று சாதாரணமாகச் சொல்கிறார். வெட்கத்தின் இடத்தில் கணக்கு வருகிறது. "நான் நாசமாப் போனவன்" என்று படுத்திருந்தவர், தங்கைக்குத் தர வேண்டிய பணத்தை மாதம் இரண்டாயிரமாக அடைக்கத் தொடங்குகிறார். ஏஏ கூட்டங்களில் இந்த மாற்றம் எளிதாக வருவதற்குக் காரணம், அங்கே புதிதாக வந்தவருக்கு இவர் டீ வாங்கிக் கொடுக்கிறார், போன் எடுக்கிறார். உதவி வாங்கியவர் உதவுகிறவராகும்போது தன்னைப் பற்றிய எண்ணம் வேறாகிறது. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும் அந்த அமைப்பைத் தொடங்கியதே, இன்னொரு குடிநோயாளியோடு பேசினால் தான் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று அந்தத் தரகர் கண்டதால்தான். கடவுள் பேச்சு ஒத்துவராதவர்கள் கவுன்சிலிங் வழியாகவும் இதே இடத்துக்கு வருகிறார்கள்.

ஓராண்டு நெருங்கும்போது கடைசியாக ஒரு எண்ணம் வரும், நல்ல உடை உடுத்தி வரும்: "இப்ப நான் பழைய ஆள் இல்லை. கல்யாணம் காட்சின்னா ஒரு பியர், அதோட நிறுத்திக்குவேன்." இதோடு விவாதம் செய்து ஜெயிக்க முடியாது. ஒரு தாளை எடுத்து, அந்த ஒரு பியருக்குப் பிறகு அன்று இரவு, மறுநாள் காலை, அடுத்த சனிக்கிழமை, அடுத்த சம்பள நாள் என்று வரிசையாக எழுதிப் பார்க்கச் சொல்வார்கள், முன்பு எப்படி நடந்ததோ அப்படியே. முன்பு எத்தனை தடவை "ஒன்றோடு" நிறுத்தினீர்கள் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். அதன்பின் அதைக் கவுன்சிலரிடமோ, கூட்டத்தில் மூத்தவரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். அருகில் யாரும் இல்லாவிட்டால் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். எந்த ஊரில் எந்த மையம் இருக்கிறது என்றும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.